‘வந்தானாம்’ என்பது ‘வந்தான்’ ஆகும்போது

ஒக்லாந்து மாநகரின் வடகரையில், துறைமுகப் பாலத்துக்கு அப்பால் அமைந்த புறநகர் கிளென்ஃபீல்ட். யாழ்ப்பாணத்துக்கும் இவ்வூருக்கும் இடையே குளிர்காலத்தில் ஆறரை மணி நேரமும், கோடையில் ஏழரை மணி நேரமும் வித்தியாசம் உண்டு. அங்கே மாலை ஆறு மணிக்கு ஒரு சம்பவம் நிகழ்ந்தால் இங்கே நள்ளிரவு கடந்திருக்கும். நாம் உறங்கிக் கொண்டிருக்கும் வேளையில் அச்செய்தி சென்னைக்குப் போகிறது. பாரிசுக்கும் இலண்டனுக்கும் போகிறது. காலை உணவுக்கு அமரும் ரொறொன்ரோ உறவினரைச் சென்றடைகிறது. நாம் எழுந்து கைத்தொலைபேசியைக் கையில் எடுக்கும்போது அது நான்கு நகரங்களையும் நாற்பது கைகளையும் கடந்து வந்திருக்கும். உலகிலே முதலில் விடிகின்ற நாடுகளுள் ஒன்றில் வாழ்கிறோம். ஆயினும் தாயகச் செய்தியைக் கடைசியாக அறிவோர் நாமே.

அக்காலைச் செய்திகளில் சில உண்மையானவை. சில பாதி உண்மை. சில முழுப்பொய். எது எந்த வகை என்று தீர்ப்புக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. படித்த, அனுபவமுள்ள, வாழ்க்கையில் எத்தனையோ ஏமாற்றங்களைக் கண்டு தேறிய எம்மவர்கள், வேறு எவர் சொன்னாலும் நம்பாத ஒன்றை அக்காலை வேளையில் ஏன் நம்புகிறார்கள்? நம்புவதோடு நில்லாது ஏன் பிறருக்கும் அனுப்புகிறார்கள்? இக்கேள்விக்கு உளவியலாளர்கள் கடந்த நூறு ஆண்டுகளில் தேடிய விடைகள் சில, அகதிச் சமூகமாகிய எமக்கு மிக நெருக்கமானவை.

தமிழில் ஒரு சிறிய விகுதி உண்டு. ‘வந்தான்’ என்றால் அது கண்டவன் கூற்று. ‘வந்தானாம்’ என்றால் கேட்டவன் கூற்று. ‘நான் பார்க்கவில்லை, பிறர் சொல்லக் கேட்டேன், பொறுப்பு என்னுடையதன்று’ என்னும் மூன்று செய்திகளை ‘ஆம்’ என்ற ஓரசை சுமந்து நிற்கிறது. வேறு பல மொழிகளில் இதனைச் சொல்லத் தனி வாக்கியம் வேண்டும். நாமோ பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடுகிறோம். வதந்திக்கு எதிராக எமது மொழியே கட்டிவைத்த வேலி இது. ஒரு செய்தி கைமாறும்போது முதலில் உதிர்ந்து போவதும் இந்த ‘ஆம்’தான். ‘பிடித்துவிட்டார்களாம்’ என்று யாழ்ப்பாணத்தில் புறப்பட்டது, ‘பிடித்துவிட்டார்கள்’ என்று கிளென்ஃபீல்டை வந்தடைகிறது.

நடுக்கம் உணர்ந்தோர், இடிபாடு காணாதோர்

1934ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் திகதி பீகாரையும் நேபாளத்தையும் பெரும் பூகம்பம் ஒன்று தாக்கியது. அதனைத் தொடர்ந்து பரவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்ற இந்திய உளவியலாளர் திரட்டி, மறு ஆண்டில் ஆய்வாக வெளியிட்டார். அவ்வதந்திகள் விசித்திரமானவை. பெரும் புயல் வரப்போகிறது, சந்திர கிரகணத்தன்று மீண்டும் பூமி அதிரும், வெள்ளம் பாய்ந்து வருகிறது என்றெல்லாம் மக்கள் பேசிக்கொண்டனர். துன்பம் முடிந்துவிட்டது என்று ஆறுதல் தரும் வதந்திகளை அல்லவா மனம் தேட வேண்டும்? இதனைவிடக் கொடியது வருகிறது என்ற பேச்சு ஏன் பரவியது?

இவ்வினா அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரைப் பல ஆண்டுகளின் பின்னர் சிந்திக்க வைத்தது. அவர் ஒரு விடயத்தைக் கவனித்தார். அவ்வதந்திகள் பரவிய இடங்கள் இடிந்து விழுந்த ஊர்கள் அல்ல. நடுக்கத்தை உணர்ந்தும் பெரிய அழிவைக் காணாத ஊர்கள் அவை. அங்கிருந்தோர் உள்ளத்தில் அச்சம் இருந்தது. கண்முன்னே அந்த அச்சத்துக்கு ஏற்ற காரணம் இருக்கவில்லை. காரணமற்ற அச்சத்துடன் வாழ்வது மனிதனுக்குக் கடினம். எனவே மனம் ஒரு காரணத்தைப் படைத்துக்கொண்டது. அவ்வதந்திகள் அச்சத்தை உண்டாக்கவில்லை. ஏற்கனவே இருந்த அச்சத்துக்கு நியாயம் வழங்கின. இச்சிந்தனையிலிருந்தே 1957இல் அவர் வெளியிட்ட ‘அறிவுசார் முரண்பாடு’ பற்றிய கோட்பாடு வளர்ந்தது. இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. 1950இல் டார்ஜிலிங்கில் நிகழ்ந்த மண்சரிவின் பின்னர், அழிவை நேரே கண்ட மக்களிடையே துர்கானந்த் சின்ஹா ஆராய்ந்தபோது அத்தகைய பயங்கர வதந்திகள் அங்கே காணப்படவில்லை. இடிபாட்டின் நடுவே நின்றவர்களுக்குக் கற்பனை தேவைப்படவில்லை.

புலம்பெயர்ந்து வாழும் நாம் யார்? நடுக்கத்தை உணர்ந்தவர்கள், இடிபாட்டைக் காணாதவர்கள். ஊரில் ஷெல் விழுந்தபோது எமது நெஞ்சு இங்கே அதிர்ந்தது. ஆனால் எமது வீட்டுக் கூரை அப்படியே இருந்தது. பிள்ளைகள் பாடசாலைக்குப் போயினர். பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டிக்கொண்டிருந்தார். உள்ளத்தில் இருந்த பேரச்சத்துக்கும் சூழலில் இருந்த பேரமைதிக்கும் இடையே பொருத்தமில்லை. 2009ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் உலகெங்கும் எம்மவர்கள் இரவிரவாகத் தொலைபேசியைப் பற்றிக்கொண்டிருந்தமைக்கும், எந்தச் செய்தியையும் தாமதமின்றி நம்பியமைக்கும், இந்தப் பொருத்தமின்மையும் ஒரு காரணம். அதனை எவரும் அறியாமை என்று இகழக் கூடாது. அன்பும் அச்சமும் குற்றவுணர்வும் கலந்த ஒரு நிலை அது. எமது மனக்கதவு எந்தப் பக்கத்தில் திறந்திருக்கிறது என்பதை நாம் அறிந்திருப்பது நல்லது. அக்கதவின் வழியாக வருவோர் எல்லோரும் உறவினர் அல்லர்.

கத்தி கைமாறிய கதை

வதந்தியைப் பற்றிப் பலரும் அறிந்த ஆய்வு கோர்டன் ஆல்போர்ட், லியோ போஸ்ட்மன் ஆகிய இருவருடையது. இரண்டாம் உலகப்போர்க் கால அனுபவத்தை வைத்து 1947இல் அவர்கள் ஒரு நூலை வெளியிட்டனர். ஒரு விடயம் கேட்பவருக்கு எவ்வளவு முக்கியமானது, அதுபற்றிய உறுதியான தகவல் எவ்வளவு குறைவு என்ற இரண்டும் சேர்ந்தே வதந்தியின் பலத்தைத் தீர்மானிக்கின்றன என்றனர். இரண்டில் ஒன்று இல்லாவிடினும் வதந்தி பிழைக்காது. எமக்கு இரண்டும் நிறையவே உண்டு.

அவர்கள் நடத்திய பரிசோதனைகளுள் ஒன்றில், சுரங்க இரயில் காட்சியொன்றின் படத்தை ஒருவருக்குக் காட்டினர். அதில் ஒரு வெள்ளையர் கையில் சவரக்கத்தி இருந்தது. அவர் முன்னே ஒரு கறுப்பினத்தவர் நின்றார். பார்த்தவர் தான் கண்டதை மற்றொருவருக்குச் சொல்ல, அவர் வேறொருவருக்குச் சொல்ல, இவ்வாறு ஆறேழு பேரைக் கடந்து கதை சென்றது. விவரங்களில் பெரும்பகுதி வழியிலேயே கழன்று போயிற்று. எஞ்சிய சில விவரங்கள் கூர்மை பெற்றன. வெள்ளையர்கள் பங்குபற்றிய பரிசோதனைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில், ஏதோ ஒரு கட்டத்தில் அந்தக் கத்தி கறுப்பினத்தவர் கைக்கு மாறிவிட்டது. பங்குபற்றியோர் திட்டமிட்டுப் பொய் சொன்னார்கள் என்பதில்லை. கத்தி யார் கையில் இருக்கும் என்று அவர்கள் மனம் முன்னரே தீர்மானித்து வைத்திருந்தது. நினைவு அத்தீர்மானத்துக்குப் பணிந்தது.

இந்தக் கத்தியை எமது மக்கள் 1983இல் நேரில் கண்டனர். அவ்வாண்டு ஜூலை 23ஆம் திகதி இரவு திருநெல்வேலியில் 13 படையினர் கொல்லப்பட்ட செய்தி தென்னிலங்கைப் பத்திரிகைகளில் வெளிவந்தது. அதற்குப் பழிவாங்கப் படையினர் யாழ்ப்பாணத்தில் பொதுமக்களைக் கொன்ற செய்தி மறைக்கப்பட்டது. கதையின் ஒரு பாதி ஊருக்குச் சொல்லப்பட்டது, மறுபாதி புதைக்கப்பட்டது. கொழும்பு எரிந்தது. பின்னர் ஜூலை 29, வெள்ளிக்கிழமை, நகரில் அமைதி திரும்புவது போலத் தோன்றிய வேளையில், ‘புலிகள் கொழும்புக்குள் வந்துவிட்டார்கள்’ என்ற பேச்சுக் கிளம்பியது. அலுவலகங்களில் இருந்தோர் வீதிக்கு ஓடினர். வீதிகள் நெரிந்தன. அந்தப் பீதி சில மணி நேரத்துள் மீண்டும் கொலையாக மாறியது. அன்று தாக்கப்பட்டோர் ஆயுதமற்ற தமிழர்களே.

அந்த வதந்தி ஏன் அவ்வளவு எளிதில் பற்றிக்கொண்டது? ஐந்து நாட்களாகத் தமிழர்களுக்கு இழைக்கப்பட்டதைக் கண்டும் செய்தும் இருந்தோர் உள்ளத்தில், ‘இதற்குப் பதில் வரும்’ என்ற அச்சம் குடியிருந்தது. அச்சத்துக்கு ஓர் உருவம் தேவைப்பட்டது. பீகாரின் புயலும் கொழும்பின் ‘புலி’யும் ஒரே இடத்தில் பிறந்தவை.

முப்பத்தைந்து ஆண்டுகளின் பின்னர், 2018 பெப்ரவரி இறுதியில், அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் மலட்டுத்தன்மை உண்டாக்கும் மாத்திரை உணவில் கலக்கப்படுவதாக ஒரு வதந்தி எழுந்தது. உணவில் இருந்தது வெறும் மாவுக்கட்டி என்பது பின்னர் பரிசோதனையில் தெரியவந்தது. அதற்கிடையில் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டிருந்தன. மார்ச் மாதத்தில் திகன, கண்டிப் பகுதிகளில் வன்முறை பரவ, அரசாங்கம் முகநூலையும் வட்ஸ்அப்பையும் சில நாட்கள் முடக்கியது. அந்த வன்முறையில் தமது தளத்தின் பங்குக்காக முகநூல் நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கோரியது. 1983இல் வாய்மொழியாகப் பரவியது 2018இல் விரல்நுனியால் பரவியது. கருவி மாறிற்று, கத்தி மாறவில்லை.

சொன்னவர் மறந்துபோவார், சொன்னது நிற்கும்

‘இது யாரோ ஒரு பொறுப்பற்றவர் எழுதியது; நான் நம்பவில்லை’ என்று சொல்லி ஒரு செய்தியை ஒதுக்கிவிட்டோம் என வைத்துக்கொள்வோம். தப்பிவிட்டோமா? கார்ல் ஹொவ்லண்ட், வால்டர் வைஸ் ஆகியோர் 1951இல் வெளியிட்ட ஆய்வு இல்லை என்கிறது. ஒரே கட்டுரையைச் சிலருக்கு நம்பத்தகுந்த ஒருவர் எழுதியதாகவும், வேறு சிலருக்கு நம்பத்தகாத இடத்திலிருந்து வந்ததாகவும் கூறிப் படிக்கக் கொடுத்தனர். அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் பற்றிய கட்டுரை ஒரு சாராருக்கு விஞ்ஞானி ஒப்பன்ஹைமர் பெயரிலும், மறு சாராருக்குச் சோவியத் ஏடான ‘பிராவ்தா’வின் பெயரிலும் வழங்கப்பட்டது. படித்த உடனே முதற் சாராரே கூடுதலாக மனம் மாறினர். நான்கு வாரங்களின் பின் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. சொன்னவர் யார் என்பது நினைவிலிருந்து விலகியது; சொல்லப்பட்டது தங்கிவிட்டது. 1977இல் வெளியான வேறோர் ஆய்வில், ஒரே கூற்றைச் சில வார இடைவெளியில் மீண்டும் மீண்டும் கேட்டவர்கள், ஒவ்வொரு முறையும் அதனைக் கூடுதல் உண்மையாகக் கருதினர். பழகிய முகம் நல்ல முகமாகத் தோன்றுவதைப் போலப் பழகிய வாக்கியம் உண்மை வாக்கியமாகத் தோன்றுகிறது.

‘ஆம்’ உதிரும் இடம் இதுதான். பிறர் அனுப்பும்போது மட்டுமல்ல, எமது நினைவுக்குள்ளேயே அது உதிர்கிறது. திங்கட்கிழமை ‘நடந்ததாம்’ என்று கேட்டதை, மறு மாதம் ‘நடந்தது’ என்று நாமே சொல்கிறோம். அப்போது எம்மை ஏமாற்றியவர் எவருமில்லை.

செய்தியைக் கொண்டுவருபவர் அந்நியராக இல்லாதபோது இந்த ஆபத்து இன்னும் கூடுகிறது. 1940ஆம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலின்போது, ஒகையோ மாநிலத்தில் வாக்காளர்களைத் தொடர்ந்து அவதானித்த போல் லாசர்ஸ்ஃபெல்ட் குழுவினர், வானொலியும் பத்திரிகையுமே மக்களின் மனத்தை மாற்றும் என எதிர்பார்த்தனர். பலருடைய முடிவில் அவற்றைவிடக் குடும்பத்தவரும் நண்பரும் தமது வட்டத்தில் மதிப்புள்ள சிலருமே கூடிய செல்வாக்குச் செலுத்தினர். ஊடகத்தின் குரல் அந்த மதிப்புக்குரியவர் வாயிலாகவே வீட்டுக்குள் வந்தது. இதனை 1955இல் எலிஹு காட்ஸுடன் சேர்ந்து அவர் விரிவாக விளக்கினார். எமது வாழ்க்கைக்கு இதனை விளக்கவே தேவையில்லை. கொழும்புப் பத்திரிகையை நம்பாதவர் பெரியப்பாவை நம்புவார். அரசாங்க அறிவித்தலை நம்பாதவர் மைத்துனரின் குரற்பதிவை நம்புவார்.

இதனை ஆட்கடத்தும் முகவர்கள் எந்தப் பேராசிரியரிடமும் படிக்காமல் அறிந்து வைத்திருக்கின்றனர். 2011 ஜூலையில் இந்தோனேசியாவின் பிந்தான் தீவுக்கு அருகே ‘அலீசியா’ என்ற கப்பல் மறிக்கப்பட்டது. அதில் இருந்த எண்பதுக்கும் மேற்பட்ட இலங்கைத் தமிழர்கள், தாம் நியூசிலாந்துக்குச் செல்ல விரும்புவதாக எழுதிய அட்டைகளைத் தூக்கிக் காட்டினர். 2019 ஜனவரி 12ஆம் திகதி கேரளத்தின் முனம்பம் துறையிலிருந்து ஒரு மீன்பிடிப் படகு புறப்பட்டது. டில்லியிலும் தமிழ்நாட்டிலும் வாழ்ந்த தமிழர்கள் இருநூறுக்கும் மேற்பட்டோர் அதில் ஏறியதாகவும், அவர்களுள் ஈழ அகதிகளும் இருந்ததாகவும் செய்திகள் கூறின. ஏற்ற முடியாமல் விட்டுச் சென்ற பைகள் கரையில் கிடந்தன. அவர்கள் சேர விரும்பிய நாடு நியூசிலாந்து எனக் காவல்துறையினர் கருதினர். அந்தப் படகு எங்கும் கரைசேர்ந்ததாக உறுதியான செய்தி எதுவும் வரவில்லை. பெற்றோரும் பிள்ளைகளும் இன்னும் தொலைபேசி மணிக்குக் காத்திருக்கின்றனர்.

முனம்பத்துக்கும் இந்நாட்டுக்கும் இடையே 10,000 கிலோமீற்றருக்கும் அதிகமான கடல் இருக்கிறது. பெருந்தொகை அகதிகளை ஏற்றிய படகு ஒன்றுகூட இங்கு வந்து சேர்ந்ததில்லை. அப்படி 30 பேருக்கு மேற்பட்டோர் கூட்டமாக வந்தால் தடுத்து வைப்பதற்கு 2013இலேயே சட்டம் இயற்றப்பட்டுவிட்டது. இவை இரகசியங்கள் அல்ல. ஆனால் ‘இன்னார் மகன் போய்ச் சேர்ந்துவிட்டான், இன்னும் நாலு இடந்தான் இருக்கிறது, மற்றவர்கள் காசு கட்டிவிட்டார்கள்’ என்று தெரிந்த ஒருவர் தமிழிலே சொல்லும்போது, கடலின் அகலத்தை அளப்பவர் யார்? பிறர் செய்கிறார்கள் என்பதும், கிடைப்பது அரிது என்பதும், சொல்பவர் எம்மவர் என்பதும் இணங்கவைக்கும் கலையின் மூன்று பெரிய ஆயுதங்கள் என்று ரொபேர்ட் சியால்டினி 1984இல் எழுதினார்.

அரசாங்கங்களும் இக்கலையை அறியும். 2014இல் அவுஸ்திரேலிய அரசு ‘வழியே இல்லை’ என்னும் சுவரொட்டியைத் தமிழ் உட்படப் பல மொழிகளில் வெளியிட்டது. 2010களில் அவ்வரசு இலங்கையில் இராசிபலன் வடிவில்கூட எச்சரிக்கைத் துண்டுப் பிரசுரங்களைத் தயாரித்தது. எந்த இராசிக்காரர் படகேறினாலும் பலன் கெட்டதே! சோதிடத்தில் எமது மக்கள் வைத்த நம்பிக்கையை ஒரு குடிவரவுத் திணைக்களம் கணக்கிட்டு வைத்திருந்தது என்பது சிரிப்புக்கு மட்டும் உரியதன்று. எமது நம்பிக்கைகளின் வரைபடம் எம்மைவிடப் பிறருக்கு நன்கு தெரிந்திருக்கிறது.

புகலிடம் கோரி நிற்போருக்கு இங்கே தனியாக ஒரு சொல். ‘இப்படிச் சொன்னால்தான் ஏற்பார்கள், உன் கதை போதாது’ என்று அறிவுரை கூறும் தெரிந்தவர் எந்த நகரிலும் உண்டு. அதுவும் வதந்தியே. இந்நாட்டில் விண்ணப்பத்தை முதலில் அகதி அந்தஸ்துப் பிரிவு ஆராய்கிறது. மறுத்தால் குடிவரவு மற்றும் பாதுகாப்புத் தீர்ப்பாயத்துக்கு மேன்முறையீடு செய்யலாம். இரு இடங்களிலும் எடைபோடப்படுவது சொல்பவரின் நம்பகத்தன்மை. இரவல் கதை இரண்டாம் விசாரணையில் முரண்படும். அப்போது அவரது உண்மைத் துன்பமும் சேர்ந்து பொய்யாகக் கருதப்படும். கேட்ட கதைக்காகக் கண்ட கதையை இழந்தவர்கள் எம்மிடையே இல்லாமலில்லை.

எமது வீட்டுக்குள்ளும்

இனி எழுதுவது சிலர் மனத்தை நோகச் செய்யலாம். ஆனால் சிங்களவர் நம்பிய வதந்தியையும் முகவர் பரப்பிய வதந்தியையும் மட்டும் பேசிவிட்டு நிறுத்துவது நேர்மையாகாது.

2023 பெப்ரவரியில் தஞ்சாவூரில் பழ. நெடுமாறன் அவர்கள், விடுதலைப் புலிகளின் தலைவர் வே. பிரபாகரன் உயிருடன் இருக்கிறார் என்று அறிவித்தார். இலங்கை இராணுவம் அதனை மறுத்தது. அவ்வாண்டு நவம்பர் 27ஆம் திகதி, மாவீரர் நாளன்று, தலைவரின் மகள் எனத் தம்மைக் கூறிக்கொண்ட ஒரு பெண்ணின் உரை காணொளியாக வெளிவந்தது. எம்மவருள் பலர் அதனை ஐயத்துடன் நோக்கினர். வேறு சிலர் கண்கலங்கி நம்பினர். அவர்களைப் பார்த்து நகைத்தவர்களும் இருந்தனர். நகைப்பதற்கு இதில் எதுவுமில்லை. ஒருவர் தமது இளமையையும் உழைப்பையும், சிலவேளை தமது பிள்ளையையும் ஒரு நம்பிக்கைக்குக் கொடுத்திருக்கும்போது, அந்நம்பிக்கைக்கு எதிரான சான்று வந்தால் அவர் முன்னே இரண்டு வழிகள் உள்ளன. கொடுத்ததன் பொருளை மீண்டும் எண்ணிப் பார்ப்பது ஒன்று. சான்றை மறுப்பது மற்றொன்று. முன்னையதன் வலி பெரிது. பின்னையது எளிது. ஃபெஸ்டிங்கர் சொன்ன முரண்பாடு இதுவே.

ஆனால் அந்த வலியைத் தவிர்க்க நாம் கொடுக்கும் விலையும் சிறிதன்று. துக்கம் முடிவடைவதில்லை. வன்னியில் தமது பிள்ளையைப் படையினரிடம் ஒப்படைத்துவிட்டு, வீதியோரத்தில் ஆண்டுக்கணக்காகப் போராடும் தாய்மாருக்கு உண்மை மட்டுமே ஆயுதம். புலம்பெயர்ந்த நாம் ஒரு பொய்யைக் கைமாற்றும்போது, ‘இவர்கள் எதையும் நம்புவார்கள்’ என்று சொல்ல எதிராளிக்கு வாய்ப்பளிக்கிறோம். அத்தாய்மாரின் சொல்லின் மதிப்பையும் அது குறைக்கிறது.

இதனைப் படிக்கும் வாசகர், ‘ஆம், இது என் மைத்துனருக்கு மிகப் பொருத்தம்; அவருக்கு அனுப்ப வேண்டும்’ என்று எண்ணியிருக்கக்கூடும். பிலிப்ஸ் டேவிசன் என்பவர் அதே 1983ஆம் ஆண்டில் இதற்கு ஒரு பெயர் சூட்டினார்: ‘மூன்றாம் மனிதர் விளைவு’. பிரசாரம் பிறரை மயக்கும், என்னை மயக்காது என்று பெரும்பாலோர் எண்ணுகின்றனர். மைத்துனரும் அவ்வாறே எம்மைப் பற்றி எண்ணுகிறார்.

தனிமையும் தடுப்பூசியும்

2021 செப்டெம்பர் 3ஆம் திகதி, ஒக்லாந்தின் நியூ லின் பகுதியில் உள்ள பல்பொருள் அங்காடியில் ஒருவர் கத்தியால் பலரைக் காயப்படுத்தி, காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் இலங்கையிலிருந்து 2011இல் மாணவராக வந்து, 2013இல் அகதி அந்தஸ்துப் பெற்றவர், தமிழ் பேசியவர். ஐ.எஸ். இயக்கத்தின் பிரசாரப் பதிவுகளை வைத்திருந்தமைக்காக அவ்வாண்டிலேயே குற்றவாளியாகக் காணப்பட்டவர். அதற்கு இரண்டரை ஆண்டுகளுக்கு முன்னர், 2019 மார்ச் 15இல், கிறைஸ்ட்சேர்ச் பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்ற வெள்ளையின வெறியனும் இணையத்திலே நஞ்சு அருந்தியவனே. இருவரின் கொள்கைகளும் எதிரெதிரானவை. வெறுப்பு இருவருக்கும் வந்த வழி ஒன்றே. பிரசாரம் எல்லோரையும் கொலையாளியாக்குவதில்லை. மறுத்துப் பேச அருகில் எவரும் இல்லாத ஒருவரிடம் அது வேரூன்றுவது எளிது. புதிதாக வந்து, மொழி வசப்படாமல், அறையில் தனித்திருக்கும் இளைஞர் ஒருவரை ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு அழைப்பது வெறும் உபசாரமன்று.

வில்லியம் மக்கைர் என்ற உளவியலாளர் 1961இல் ஒரு சோதனை நடத்தினார். ஒவ்வோர் உணவின் பின்னரும் பல் துலக்க வேண்டும் என்பது போல எவரும் மறுக்காத கருத்துகளை எடுத்துக்கொண்டார். அக்கருத்தை ஆதரிக்கும் வாதங்களை மட்டும் படித்தவர்கள், பின்னர் வலுவான எதிர்வாதம் வந்தபோது எளிதில் தளர்ந்தனர். பலவீனமான எதிர்வாதத்தையும் அதற்கான மறுப்பையும் முன்னரே படித்தவர்கள் கூடுதலாக உறுதியுடன் நின்றனர். நோய்க்கிருமியைச் சிறிதளவு செலுத்தி உடலைப் பழக்கும் தடுப்பூசிக்கு இதனை அவர் ஒப்பிட்டார்.

எமது இல்லங்களுக்கு இதைவிடப் பயனுள்ள பாடம் இல்லை. பிள்ளைகளுக்கு எமது வரலாற்றை எமது பக்கத்து வாதங்களால் மட்டுமே சொல்லி வளர்க்கிறோம். எதிர்ப்பக்கம் என்ன சொல்கிறது என்பதை வீட்டில் பேசுவதில்லை. எமது பக்கத்தில் நிகழ்ந்த தவறுகளையும் பேசுவதில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதை எத்தனை வீடுகளில் பேசியிருக்கிறோம்? பிள்ளை பல்கலைக்கழகம் போனபின் ஒரு சக மாணவர் அதனைக் கேட்கிறார். விடை தெரியாமல் தடுமாறும் பிள்ளை, பெற்றோர் சொன்ன அனைத்தையும் ஐயுறத் தொடங்குகிறது. அல்லது கேட்டவரை எதிரியாக்கி மனத்தை மூடிக்கொள்கிறது. இரண்டும் தோல்விகளே. சாப்பாட்டு மேசையில் நாமே அக்கேள்வியை முதலில் எழுப்பினால், எமது நியாயம் குறைந்துவிடாது, நிலைக்கும்.

‘கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்பது எமது பழமொழி. முகத்தையும் குரலையும் இயந்திரம் படைத்துக் காட்டும் இக்காலத்தில் அதன் முதற்பகுதியும் சொல்லுக்குச் சொல் உண்மையாகிவிட்டது. எல்லாவற்றையும் தீர விசாரிக்க வேலைக்கும் வீட்டுக்கும் இடையே ஓடும் எவருக்கும் நேரமில்லை. எனவே சிறியதொன்றைச் செய்வோம். காலையில் செய்தி வந்ததும், இதனைக் கண்டவர் யார் என்று ஒரு முறை கேட்போம். விடை கிடைக்காவிடின் அனுப்பாதிருப்போம். அனுப்பியே ஆகவேண்டுமெனில், வழியில் உதிர்ந்துபோன அந்த ‘ஆம்’ என்னும் ஓரசையை மீண்டும் ஒட்டி அனுப்புவோம். ‘பிடித்துவிட்டார்களாம், உறுதியில்லை.’ அவ்வளவுதான். நடுக்கத்தை மட்டும் உணரும் தூரத்தில் வாழ்பவர்கள், இடிபாட்டின் நடுவே நிற்பவர்களுக்குச் செய்யக்கூடிய மரியாதை அது.